ஒரே கோச், இரண்டு விளையாட்டு: எப்படிச் சமாளித்தார்கள்?

அமெரிக்காவில் சிறிய கல்லூரிகளில் ஒரே ஆள் ஃபுட்பாலுக்கும் பேஸ்பாலுக்கும் கோச்சாக இருந்தது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரெண்டும் மோதிக்கொள்ளாது. ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது) இலையுதிர் காலத்தில், பேஸ்பால் வசந்தத்தில். தனித்தனி ஆள் போடக் காசும் கிடையாது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஜான் கலார்டி என்ற ஃபுட்பால் கோச். அவருக்கு ரெண்டாவது வேலை பேஸ்பால் இல்லை, ஐஸ் ஹாக்கி. 1943-இல் கொலராடோவில் தன் பள்ளி கோச்சைப் பட்டாளத்துக்கு எடுத்துவிட, 16 வயதுப் பையனாக இருந்த இவரே அணியைக் கையில் எடுத்தார். 1953-இல் மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்கு வந்தவர், 2012 வரை நகரவில்லை. கல்லூரி கோச்சாக வாழ்நாளில் மொத்தம் 489 வெற்றி. கல்லூரி ஃபுட்பாலில் யாரும் தொடாத கணக்கு.

இத்தனைக்கும் பயிற்சியில் விசில் கிடையாது, ஆளை மோதிச் சாய்ப்பதும் கிடையாது. “கோச்” என்று கூப்பிட்டால் பிடிக்காது. பையன்கள் “ஜான்” என்றுதான் கூப்பிட வேண்டும். நம்ம ஊர் பி.டி. மாஸ்டரை அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள்! அந்தக் கல்லூரி ஆடும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையும் இல்லை. வந்தவர்களை வைத்துத்தான் நான்கு தேசியப் பட்டங்கள் வாங்கினார்.