கற்பனை உலோகத்துக்கு ஒரு குறையும் வேண்டும்

வைரத்தைவிடக் கடினமான, உருகாத, மிக லேசான கற்பனை உலோகத்தையே விண்கலத்தின் மேலோட்டுக்கும் உந்துபொறிக்கும் பயன்படுத்தினால் வாசகர் நம்புவாரா என்று கேட்டிருந்தீர்கள். நம்ப மாட்டார் என்றே நினைக்கிறேன். டங்ஸ்டன் உருக 3422 டிகிரி செல்சியஸ் தேவை, ஆனால் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19 கிராமுக்கும் அதிகம். டைட்டானியத்துக்கு நான்கரை கிராம்தான், ஆனால் 1668 டிகிரியிலேயே உருகிவிடும். மேலும், மிகக் கடினமான பொருள்கள் பெரும்பாலும் வளைந்து கொடுக்காமல் நொறுங்குபவை என்பதால், நுண்விண்கற்கள் மோதும் மேலோட்டுக்கு வெறும் கடினத்தன்மை போதாது.

ஆகவே, உங்கள் உலோகம் வெப்பத்தைத் தாங்கட்டும், குளிரில் நொறுங்கட்டும். தூய டங்ஸ்டனும் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய அப்படித்தான். கோளின் நிழலுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் மேலோட்டைச் சூடாக வைத்திருக்கப் பொறியாளர் படும் பாடு உங்கள் இரண்டாம் அத்தியாயத்துக்கே போதுமானது; உந்துபொறிக்கு அதே உலோகத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.