மிக்ஸ்ட் மீடியா ஓவியம் என்றால் என்ன? மிது சென் போன்ற பெண்ணிய ஓவியர்கள் காகிதத்தில் முடியையெல்லாம் ஏன் சேர்க்கிறார்கள்?

ஒரே பரப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைப் பொருள்களைச் சேர்த்துச் செய்வதுதான் மிக்ஸ்ட் மீடியா, அதாவது கலப்பு ஊடகம். பென்சில் கோட்டின் மேல் வாட்டர்கலர், அதன் மேல் ஒட்டிய படத்துண்டு, ஊசியால் தைத்த நூல் என்று போகலாம்.

சரி, முடி எதற்கு? மிது சென் 1971இல் மேற்கு வங்கத்தில் பிறந்தவர், சாந்திநிகேதனில் கலாபவன் என்ற நுண்கலைக் கல்லூரியில் படித்தவர். அவருடைய படைப்புகளில் கையால் செய்த காகிதம், முடி, நூல் எல்லாம் வரும். முடியை மையால் வரைந்தால் அது முடியின் படம். முடியையே வைத்தால், பார்ப்பவருக்கு உடம்பு லேசாகக் கூசும். தலையில் இருக்கும்வரை பின்னிப் பூ வைக்கிறோம். அதே முடி சோற்றில் கிடந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறோம். பொருள் மாறவில்லை, இருக்கும் இடம்தான் மாறியது. பெண்ணுடலைப் போற்றுவதும் அருவருப்பதும் ஒரே சமூகம்தான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

நூலுக்கும் ஒரு கதை உண்டு. பூத்தையல் வெகுகாலம் வீட்டுப் பெண்களின் ‘கைவேலை’யாகவே பார்க்கப்பட்டது, கலை என்று யாரும் அதைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டவில்லை. அதே தையல் ஓவியத்துக்குள் வரும்போது அந்தப் பாகுபாடே கேள்விக்குள்ளாகிறது.

அப்புறம், காகிதத்தில் இருப்பதால் இந்த மாதிரிப் படைப்பைப் பெரிய ஓவியத்துக்கான ஒத்திகை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இதுவே முடிந்த படைப்பு.