கற்பூரம்: தடவலாம், முழுங்கலாமா?

போன தடவை ஜலதோஷம் பத்தி எழுதினப்போ கற்பூரத்தைப் பத்தி ஒரே ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டேன், அவ்ளோதான், வந்த கேள்வியில பாதி அதைப் பத்தியே. சரி, இந்த வாரம் முழுக்க கற்பூரம்தான்.

கேள்வி: கற்பூரத் தைலத்தை நெஞ்சுல தேய்ச்ச உடனே மூக்கு திறந்துக்குதே டாக்டர், சளியைக் கரைக்குதா?

கரைக்கல. மூக்கு திறந்த மாதிரி நமக்குத் தோணுது, அவ்ளோதான். கற்பூரம், மென்தால், யூகலிப்டஸ் மூணையும் மோந்து பாக்க வச்சு மூக்கு வழியா போற காத்தை அளந்து பாத்திருக்காங்க, காத்து அதே அளவுதான் போச்சு, ஆனா மோந்தவங்க மட்டும் "இப்ப ஃப்ரீயா இருக்கு"ன்னு சொன்னாங்க. ஏன்னா குளிர்ச்சி, சூடு தெரியற நரம்பு முனைகளை இது தூண்டி விடுது. அதுக்காக வேஸ்ட்னு தூக்கிப் போட வேணாம், ராத்திரி தூங்க முடியாம புரண்டுட்டு இருக்கறவங்களுக்கு அந்த 'தோணுறதே' பெரிய விஷயம்தான்.

கேள்வி: பேரனுக்கு எட்டு மாசம். சளி பிடிச்சா எண்ணெயைக் காய்ச்சி கற்பூரம் போட்டு நெஞ்சு, முதுகெல்லாம் தேய்க்கிறேன். மருமக வேண்டாம்னு சண்டை பிடிக்கிறா. நாங்க இப்படித்தானே பிள்ளை வளர்த்தோம்?

கோச்சுக்காதீங்கம்மா, இந்த விஷயத்துல உங்க மருமக சொல்றதுதான் சரி. கற்பூரம் தோல் வழியாவும் மூச்சு வழியாவும் ரத்தத்துல கலக்கும், கைக்குழந்தையோட ஈரல் அதை உடைச்சு வெளியேத்தற அளவுக்கு இன்னும் தேறியிருக்காது, அதனால மூளையைத் தாக்கி வலிப்பு வரை கொண்டு போகலாம். கடையில வாங்கற தைலத்துலயாவது இத்தனை சதவீதம்னு போட்டிருக்கும், நாம வீட்ல போடறதுக்கு அளவு ஏது, ஒரு நாள் ஒரு வில்லை, சளி ஜாஸ்தியா இருந்தா ரெண்டு வில்லை, இப்படித்தானே? அமெரிக்காவுல 1980-கள்லயே கற்பூர எண்ணெய் விக்கறதைத் தடை பண்ணிட்டாங்க, மேல தடவற மருந்துலயும் 11 சதவீதத்துக்கு மேல கற்பூரம் இருக்கக்கூடாது. ரெண்டு வயசு ஆகற வரைக்கும் கற்பூரம் கலந்த எதுவுமே வேணாம், அதுக்கப்புறமும் மூக்குக்குள்ள தடவக்கூடாது. இன்னொன்னு, கற்பூரம் சட்டுனு தீப்பிடிக்கற சாமான், அடுப்பு மேல இருக்கற எண்ணெயில போடறதே ஆபத்து. பேரனுக்கு மூக்கடைச்சா மூக்குல விடற உப்புத் தண்ணி சொட்டு மருந்து போதும், மூச்சு இழுத்தா, பால் குடிக்கலைன்னா நேரா டாக்டர்கிட்ட போயிடுங்க.

கேள்வி: பச்சைக் கற்பூரம் சாப்பிடறதுதானேன்னு வயித்து உப்புசத்துக்கு தினமும் கொஞ்சம் முழுங்கறேன், தப்பா?

நிறுத்திடுங்க. 1934-ல புடாபெஸ்ட்ல லடிஸ்லாஸ் மெடுனான்னு ஒரு டாக்டர், மனநோயாளிக்கு வேணும்னே வலிப்பு வரவழைக்கறதுக்காக ஊசியில ஏத்தினது எதைத் தெரியுமா, இதே கற்பூரத்தைத்தான்! வலிப்பு வந்தா நோய் குறையும்னு அப்ப நம்பினாங்க. பச்சைன்னு பேர் இருக்கறதால அது பாதுகாப்பானது ஆயிடாது, கற்பூர மரத்துலேர்ந்து எடுத்தாலும் டர்பன்டைன்லேர்ந்து ஃபேக்டரியில செஞ்சாலும் கற்பூரம் கற்பூரம்தான். வாசனைக்கு துளி போடறது வேற, மருந்துன்னு தினமும் முழுங்கறது வேற. கர்ப்பமா இருக்கறவங்க, முன்னாடி வலிப்பு வந்தவங்க பக்கத்துலயே போக வேணாம்.

சின்னக் குழந்தைக்கு ஒரு கிராம் உள்ள போனாலே உயிருக்கு ஆபத்து, அதுவும் வெள்ளையா மிட்டாய் மாதிரி வேற இருக்கும். முழுங்கிடுச்சுன்னா அஞ்சு பத்து நிமிஷத்துலகூட வலிப்பு வந்துடலாம், அதனால விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க, டப்பாவையும் கையோட எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

கேள்வி: முழங்கால் வலிக்கு கற்பூர பாம் தடவிட்டு ஹீட்டிங் பேட் வைக்கலாமா?

பாம் ஓகே. வலி தற்காலிகமா மட்டுப்படும், தேய்மானத்தை ஒண்ணும் பண்ணாது. ஆனா மேல சூடு வைக்காதீங்க, இறுக்கிக் கட்டவும் கூடாது, தோல் வெந்து போற அளவுக்குப் போயிடும். புண்ணு, வெட்டுக்காயம் மேலயும் தடவாதீங்க. கொசுக்கடி அரிப்புக்கும் இது கேக்கும், அதுக்கு 3 சதவீதத்துக்குள்ள இருக்கற லோஷனே தாராளம்.

கேள்வி: துணி அலமாரியில வைக்கற உருண்டை கற்பூரம்தானே?

நிறைய பேர் அப்படித்தான் நினைக்கறாங்க, பெரும்பாலும் அது நாஃப்தலின், இல்லைன்னா வேற கெமிக்கல். சில குழந்தைகளுக்குப் பிறவியிலயே ஜி6பிடின்னு ஒரு என்சைம் குறைவா இருக்கும், நாஃப்தலின் வாசம் ஏறின துணியைப் போட்டாலே அவங்களுக்கு ரத்த சிவப்பணு உடைஞ்சு மஞ்சள் காமாலை வந்துடலாம். எதுன்னு தெரியணும்னா ஒரு டம்ளர் தண்ணியில போட்டுப் பாருங்க, கற்பூரம் மிதக்கும், நாஃப்தலின் அடியில போய் உக்காந்துக்கும்.