தொலைக்காட்சிக்கென எடுக்கும் பேய்க்காட்டுப் படங்களில் இரவு ஏன் நீலச் சாயம் பூசியது போல இருக்கிறது? நம்பும்படி எடுக்க என்ன வழி?

அந்தக் காட்சிகளில் பல பட்டப்பகலில் எடுத்தவை என்பதுதான் காரணம். அமெரிக்க சேனல்களுக்கான இவ்வகைப் படங்கள் நிறைய கனடாவில், வான்கூவரை ஒட்டிய காடுகளில் எடுக்கப்படுகின்றன. படப்பிடிப்புக்குக் கிடைப்பது சில வாரங்களே. ஜூன் மாதம் அங்கே சூரியன் மறையவே இரவு 9.20 ஆகிவிடும், 5 மணி வாக்கில் மறுபடி உதித்துவிடும். அந்தி வெளிச்சத்தைக் கழித்தால் நல்ல இருட்டு ஐந்து மணி நேரம்கூடத் தேறாது. அதனால்தான் 'டே ஃபார் நைட்', அதாவது பகலில் எடுத்து இரவாகக் காட்டும் முறை.

இந்த முறையில் கேமராவின் வெள்ளைச் சமநிலையை (எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்ற அமைப்பு) 3200 கெல்வினில் வைத்து, ஒளியை ஒன்றரை முதல் இரண்டரை ஸ்டாப் வரை குறைத்து எடுப்பார்கள். கெல்வின் ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு, எண் கூடினால் நீலம் கூடும்; ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும். பகல் வெளிச்சம் 5600 கெல்வின் என்பதால் எல்லாமே நீலமாகிவிடும். தவறு இங்கேதான். நிலவொளி என்பது பட்டுத் திரும்பும் சூரிய ஒளி. அளந்தால் ஏறக்குறைய 4100 கெல்வின்தான், நீலமே கிடையாது. மங்கலில் நம் கண் நிறங்களை இழக்கிறது, அவ்வளவுதான். ஆகவே 4300 வாக்கில் வைத்து எடுத்து, பிறகு கலரிங்கில் (எடுத்த படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வேலை) நிறச் செறிவைப் பாதியாகக் குறைத்தால் இரவு நம்பும்படி வரும். சூரியன் நடிகரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஃப்ரேமில் வானம் ஒரு துண்டுகூட வரக் கூடாது. மரக்கிளை இடுக்கில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளே காட்டிக்கொடுத்துவிடும். டார்ச், தீப்பந்தம் இருக்கும் காட்சியை இப்படி எடுக்கவே வேண்டாம். பகலில் அவற்றின் வெளிச்சம் முகத்தில் விழுவது தெரியாது.

உண்மையான இரவில் எடுப்பதென்றால் விளக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதுதான் எல்லாம். முதல் மரத்திலிருந்து 10 மீட்டரில் விளக்கு இருந்தால், விளக்கிலிருந்து 40 மீட்டரில் உள்ள மரத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு ஒளிதான் போகும். நான்கு ஸ்டாப் வித்தியாசம்: முன்னால் சுண்ணாம்படித்த மரம், பின்னால் கரி. அதே விளக்கைக் கிரேனில் ஏற்றி 60 மீட்டர் தள்ளி வைத்தால், 90 மீட்டரில் உள்ள மரத்துக்கும் முதல் மரத்துக்கும் ஒரு ஸ்டாப்புக்குச் சற்றே கூடுதல் வித்தியாசம்தான். காடு ஆழமாகத் தெரியும். அதற்குத்தான் 18 கிலோவாட் எச்எம்ஐ (பகல் வெளிச்ச நிறம் தரும் சினிமா விளக்கு) போன்ற பெரிய விளக்கு தேவைப்படுகிறது.

மூடுபனிபோலத் தெரிய விடும் புகை காற்றோடு போய்விடும். நீளமான பாலித்தீன் குழாயில் வரிசையாகத் துளையிட்டு, ஒரு முனையில் புகை இயந்திரத்தைப் பொருத்திப் புதருக்குள் கிடத்தினால் பரவலாகக் கசியும். தரை குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் தாழ்ந்து நிற்கும், வெயில் ஏறினால் மேலே போய்விடும். உலர் பனிக்கட்டி அழகாகத் தவழும்தான், ஆனால் அதிலிருந்து வருவது கார்பன் டை ஆக்சைடு. பள்ளத்தில் தேங்கும் என்பதால், நடிகர் தரையில் படுத்திருக்கும் ஷாட்டில் அதைத் தயவுசெய்து தவிருங்கள்.

ஒளிபரப்பையும் மறக்கக் கூடாது. 8 பிட் படத்தில் கருப்பு முதல் வெள்ளை வரை அதிகபட்சமே 256 படிகள்; இருட்டுப் பகுதிக்குக் கிடைப்பவை சொற்பம். அசையும் புகையும் இருட்டும் சேர்ந்தால், ஒளிபரப்புக்காகப் படத்தின் தரவைச் சுருக்கும்போது பட்டை பட்டையாக உடையும். விளக்கணைத்த அறையின் மானிட்டரில் மட்டும் பார்த்துத் தீர்மானிக்காமல், கூடத்தில் விளக்கெரிய ஒரு சாதாரண டிவியில் போட்டுப் பாருங்கள்.

விளம்பர இடைவேளையும் படத்தின் வடிவத்தை மாற்றுகிறது. இரண்டு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போகப் படம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. இடைவேளைகளுக்கு நடுவே வரும் ஒவ்வொரு துண்டும் ஒரு பயத்தில் முடிந்தாக வேண்டும். பத்து நிமிடத்துக்கொருமுறை பேயைக் காட்டினால் அது சீக்கிரம் பழகிவிடும். என் அபிப்பிராயத்தில் அந்த இடங்களில் ஒலிதான் கைகொடுக்கும். படப்பிடிப்பில் ஜெனரேட்டர் இரைச்சல் கலந்துவிடுவதால் காட்டின் ஒலியைத் தனியாகப் பதிவுசெய்து வையுங்கள். சில்வண்டுச் சத்தத்தைக் காட்சி முழுக்க மெலிதாக ஓடவிட்டு, இடைவேளைக்கு இரண்டு மூன்று நொடி முன்பு சட்டென வெட்டுங்கள். படிப்படியாகக் குறைத்தால் பார்ப்பவர் கவனிக்கவே மாட்டார்.