எச்.பி. (குதிரைத்திறன்) என்ற சொல் எங்கிருந்து வந்தது? எச்.பி. கூடினால் இழுவையும் கூடுமா?

கூடியே ஆக வேண்டும் என்றில்லை. எச்.பி. என்பது இழுவை மட்டும் அல்ல, இழுவையை வேகத்தால் பெருக்கி வருவது.

சொல் பிறந்தது வியாபாரக் கணக்கில். ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினுக்கு, பழைய நியூகோமன் எஞ்சினைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமோ அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிவந்தார். குதிரை கட்டி ஆலை ஓட்டுகிறவரிடம் நிலக்கரி மிச்சம் ஏது? எனவே 'இது இத்தனை குதிரைக்குச் சமம்' என்று விற்க வேண்டியதாயிற்று. ஒரு குதிரை 12 அடி ஆரத்தில், 180 பவுண்டு இழுவையோடு, மணிக்கு 144 சுற்று சுற்றும் என்று வைத்தார்: நிமிடத்துக்குச் சுமார் 32,572 அடி-பவுண்டு. அதை 33,000 என்று முழுதாக்கினார். இன்றைய கணக்கில் 746 வாட். நாள் முழுக்க இப்படி இழுக்கும் குதிரை அரிது, அது வேறு கதை. கேட்லாக்கில் பி.எஸ். என்று போட்டிருந்தால் அது மெட்ரிக் குதிரை: 75 கிலோவை நொடிக்கு 1 மீட்டர் தூக்குவது, 735.5 வாட்.

ராயபுரம் ஷெட்டில் நிற்கும் வாப்-7 பயணிகள் ரயில் எஞ்சின் 6,350 எச்.பி. சரக்கு இழுக்கும் வாக்-9 அதைவிடக் குறைவு, 6,120 தான். ஆனால் கிளம்பும்போது வாக்-9 கொடுக்கும் இழுவை 460 கிலோநியூட்டன், வாப்-7 கொடுப்பது 323. மோட்டார் ஒரே வகை. பல்சக்கர விகிதம்தான் வேறு: வாக்-9-இல் 77:15, வாப்-7-இல் 72:20.

காசிமேட்டு விசைப்படகிலும் இதே சங்கதிதான். டார்க் (சுழற்றும் விசை) கிலோகிராம்-மீட்டரில் வேண்டுமென்றால் எச்.பி.யை (பி.எஸ். கணக்கில்) 716-ஆல் பெருக்கி ஆர்.பி.எம்.மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வகுக்கணும். 120 எச்.பி. 1,800-இல் வந்தால் ஏறக்குறைய 48, அதே 120 எச்.பி. 3,000-இல் வந்தால் 29-க்கும் குறைவு. முதலாவதுக்கு 3:1 கியர் பாக்ஸ், இரண்டாவதுக்கு 5:1 போட்டால் இரண்டிலும் ப்ரொப்பெல்லர் 600-இல் சுற்றும், வலையும் ஒரே மாதிரி வரும். கியரை மாற்றாமல் எஞ்சினை மட்டும் மாற்றுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 3:1-லேயே விட்டால் பழைய ப்ரொப்பெல்லர் 1,000-இல் சுற்றப் பார்க்கும். அதற்கு வேண்டிய பவர் சுற்று வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும், நாலரை மடங்குக்கு மேல். எஞ்சினால் முடியாது. ஆக்சிலேட்டர் முழுசாகக் கொடுத்தும் ஆர்.பி.எம். ஏறாமல், கரும்புகை கக்கி, சூடேறி, கடைசியில் வால்வோ பிஸ்டனோ போகும். அப்போது டீசல் பம்பைக் கூட்டி வைப்பது இன்னும் கெடுதல். கியர் விகிதத்தைக் கூட்டுங்கள், இல்லையேல் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த ப்ரொப்பெல்லர் போடுங்கள்.