பெடல் வாங்குமுன் ஆம்ப்பின் பின்பக்கம் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிட்டார்க்காரர்களுடையவை. எல்லோரையும் ஆட்டிப் படைப்பது எஃபெக்ட்ஸ் லூப், அதாவது பெடல்களை மாட்ட ஆம்ப்பின் பின்பக்கம் இருக்கும் ஜோடித் துளைகள்.

கேள்வி: புது டிலே பெடலை கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே மாட்டினேன். டிஸ்டார்ஷன் சானலுக்குப் போனால் எதிரொலியெல்லாம் குழம்பி ஒரே இரைச்சல். கடையில் திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். (தெம்பனிஸ்)

பதில்: மறுப்பது நியாயம்தான். பெடல் நன்றாக இருக்கிறது, மாட்டிய இடம்தான் தப்பு. அந்த சானலில் டிஸ்டார்ஷன் உண்டாவது ப்ரீஆம்ப்பில், அதாவது ஒலிக்குக் குணம் கொடுக்கும் முன்பகுதியில். டிலே அதற்கு முன்னால் இருந்தால் எதிரொலியும் சேர்ந்து கிழியும். ப்ரீஆம்ப்புக்கும் சத்தத்தைப் பெருக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவே புகுந்து வர விட்ட வழிதான் லூப். பின்பக்கம் ‘சென்ட்’ துளையிலிருந்து பெடலுக்கு ஒரு கேபிள், பெடலிலிருந்து ‘ரிட்டர்ன்’ துளைக்கு இன்னொன்று. டிலேயும், கூடத்து முழக்கம் தரும் ரிவெர்ப்பும் அங்கே போகட்டும். வா-வா, கம்ப்ரஸர், ஓவர்டிரைவ் பெடல்கள் கிட்டார் பக்கமே இருக்கட்டும். கோரஸை இரண்டு இடத்திலும் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: டிஸ்டார்ஷன் பெடலை லூப்பில் வைக்கலாமா? (செங்காங்)

பதில்: வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் பாவம்.

கேள்வி: என்னுடையது பாஸ் கட்டானா 50 மார்க் டூ ஆம்ப். மாடலைச் சொல்லித்தான் கேட்டேன். “லூப்பில் போட்டால் அருமையாக இருக்கும்” என்று ஒரு கடையில் டிலேயும் ரிவெர்ப்புமாக 320 வெள்ளிக்கு விற்றார்கள். வீட்டில் வந்து பார்த்தால் சென்ட் என்று எதுவுமே இல்லை. (உட்லண்ட்ஸ்)

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. அந்த ஆம்ப்பில் இருப்பது ‘பவர் ஆம்ப் இன்’ மட்டும், வெளி ப்ரீஆம்ப்பைச் செருகுவதற்கு. சென்ட் இல்லாமல் லூப் ஏது? அதே வரிசையில் 100 மார்க் டூவில் இரண்டு துளையும் உண்டு. போதாக்குறைக்கு உங்கள் ஆம்ப்புக்குள்ளேயே டிலே, ரிவெர்ப் எல்லாம் இருக்கிறது. அதையும் உங்களிடம் சொல்லவில்லை பாருங்கள்.

பழுதான பொருளுக்குப் பரிகாரம் கேட்க சிங்கப்பூரில் லெமன் சட்டம் இருக்கிறது. பெடல் பழுதில்லாததால் அது இங்கே உதவுமா என்பது சந்தேகம். ஆனால் மாடலைக் கேட்டுக்கொண்டு தவறான தகவல் சொல்லி விற்றது பயனீட்டாளர் நியாய வர்த்தகச் சட்டத்தில் வரும். பேசியது வாட்ஸ்ஆப்பில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் ‘கேஸ்’ பயனீட்டாளர் சங்கம். அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், உங்கள் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். விடாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் ஒருவரிடம் பழைய வால்வ் ஆம்ப் வாங்கினேன். அவர் வீட்டில் நன்றாகப் பாடியது. இப்போது சத்தம் திடீரென்று அடங்குகிறது, தட்டினால் திரும்புகிறது. பழுதுபார்ப்பவர் டிரான்ஸ்ஃபார்மர் மாற்ற 450 வெள்ளி கேட்கிறார். (புக்கிட் பாத்தோக்)

பதில்: காசைக் கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். எனக்கு வெகுநாளாக இதில் ஒரு ஆற்றாமை உண்டு. பழைய ஆம்ப் பார்க்கப் போகிறவர்கள் முன்பக்கத்தில் கிட்டாரைச் செருகி, நாலு கார்டு வாசித்து, துணியின் பளபளப்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுகிறார்கள். பின்பக்கம் குனிந்து பார்ப்பவர் ஒருவரும் இல்லை. ரிட்டர்ன் துளைக்குள் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. பல ஆம்ப்களில், எதுவும் செருகாதபோது சென்டிலிருந்து வரும் சிக்னல் அந்தத் தகடு வழியாகத்தான் பவர் ஆம்ப்புக்குப் போகும். லூப்பை வருடக்கணக்கில் யாரும் தொடாவிட்டால், நம் ஊர்ப் புழுக்கத்தில் தகடு கறுத்துத் தொடர்பு விட்டு விட்டு வரும். ஆம்ப்பே போய்விட்ட மாதிரி இருக்கும்.

ஒரு சின்ன பேட்ச் கேபிளால் சென்டையும் ரிட்டர்னையும் நேராக இணையுங்கள். சத்தம் நிலைத்தால் குற்றவாளி அந்தத் தகடுதான். ஆம்ப்பை அணைத்து, பிளக்கில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, ரிட்டர்னில் பல தடவை செருகி எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் வால்வ் ஆம்ப்பின் கெப்பாசிட்டர்களில் உயிரை எடுக்கும் அழுத்தம் தங்கியிருக்கும். சரியாகாவிட்டால் வேறொருவரிடம் காட்டுங்கள். விற்றவர் தனிநபர் என்றால் லெமன் சட்டம் உங்களுக்குக் கிடையாது. அது கடைக்காரர்களுக்குத்தான்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மலிவாக ஒரு ஆம்ப் கிடைத்தது. 120 வோல்ட் என்று போட்டிருக்கிறது. மூன்று முனை பிளக் மாற்றினால் போதுமா? (பொங்கோல்)

பதில்: போதாது. இங்கே வருவது 230 வோல்ட். ஆம்ப்பின் வாட்டுக்கு ஈடுகொடுக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் விலையைக் கூட்டிவிட்டு, மலிவா என்று மறுபடி கணக்குப் போடுங்கள்.

கேள்வி: லூப்பில் வைத்தால் மட்டும் என் ரிவெர்ப் பெடல் கிழிந்து ஒலிக்கிறது. (ஈசூன்)

பதில்: சில லூப்கள் லைன் அளவில், அதாவது கிட்டாரைவிடப் பலமான சிக்னலில் பேசும், கிட்டார் அளவுக்குச் செய்த பெடல் திணறும். பின்பக்கம் +4, −10 என்று சுவிட்ச் இருந்தால் −10-க்குத் தள்ளுங்கள். என் ஸ்டோர் ரூமில் இதற்கு நேர் எதிரான சங்கதி கிடக்கிறது: கழிவு விலையில் வாங்கிய ரேக் ரிவெர்ப். லைன் அளவு கொடுத்தால்தான் வாயைத் திறக்கும், என் ஆம்ப்பிலோ லூப்பே கிடையாது. விற்கலாமென்றால், உள்ளதைச் சொன்னதும் வந்தவர் எழுந்து போய்விடுகிறார்.

கேள்வி: 9 வோல்ட் பெடலுக்கு வீட்டில் கிடந்த ரூட்டர் அடாப்டரைச் செருகினேன். புகை வந்தது. வாரண்டியில் மாற்றித் தருவார்களா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: மாட்டார்கள்.