முத்திரை இல்லாத பீங்கான் தட்டு: பூவைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பாட்டி வீட்டைப் பிரித்தபோது பரணில் நீலப் பூப் போட்ட பீங்கான் தட்டுகள் கிடைத்தன. எதிலும் முத்திரை இல்லை. கொச்சித் தரகர் ஒருவர், "டச்சுக்காரர் காலத்துச் சரக்கு, 300 வருஷம் இருக்கும். கார்பன் டெஸ்ட் எடுத்தால் வெளிநாட்டில் விற்றுத் தருகிறேன்" என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? படங்கள் அனுப்பியுள்ளேன்.

பதில்: கொடுக்காதீர்கள். தட்டையும் வீட்டை விட்டு அனுப்பாதீர்கள். கார்பன் டெஸ்ட் என்பது மரம், எலும்பு, கரி போன்று ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவற்றுக்குத்தான். பீங்கானுக்கு அது செல்லாது. சுட்ட மண்ணுக்கு வேறு ஆய்வு உண்டு, ஆனால் அதற்குத் தட்டைத் துளைத்துப் பொடி எடுக்க வேண்டும். இது தெரியாமல் ஒருவர் பழம்பொருள் வியாபாரம் செய்ய முடியாது. தெரிந்தேதான் கேட்கிறார்.

சரி, தட்டுக்கு வருவோம். உங்கள் படங்களில் ஓரத்துக் கொடி ஓர் இடத்தில் சட்டென்று வெட்டுப்பட்டு, பொருந்தாமல் ஒட்டியிருக்கிறது. செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் எடுத்து மண் மேல் ஒற்றும்போது வரும் ஒட்டு அது. தட்டின் பின்பக்கம் மூன்று சிறு புள்ளித் தழும்புகளும் தெரிகின்றன. சூளையில் தட்டைத் தாங்கிய முக்காலி விட்ட தடம் அது. இரண்டும் சேர்ந்தால் இங்கிலாந்துப் பக்கத்து அச்சுத் தட்டு, பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. இருட்டறையில் தட்டின் பின்னால் டார்ச் அடித்து, இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். விரலின் நிழல் தெரியாவிட்டால் என் கணிப்பு இன்னும் உறுதி.

சீனத் தட்டாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவும், அடி வட்டம் மெருகு (கண்ணாடி போன்ற மேல்பூச்சு) இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும், தூரிகைக் கோடு தட்டுக்குத் தட்டு மாறும். பழைய டச்சுத் தட்டில் விளிம்பு பெயர்ந்த இடத்தில் மஞ்சள் சாயலில் பொடிமண் தெரியும். உங்கள் தட்டில் பெயர்ந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. லென்ஸில் பூ முழுவதும் சீராக அடுக்கிய வண்ணப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

இன்னொரு பொறி: "நாட்டின் பெயர் அச்சிடாத தட்டு என்றால் 1891க்கு முந்தியது." இதை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். அந்த ஆண்டு முதல் அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் தயாரித்த நாட்டின் பெயர் வேண்டும் என்று சட்டம் வந்தது உண்மை. ஆனால் அது அமெரிக்கத் துறைமுகத்துக்கான சட்டம். மதராஸுக்கும் கொச்சிக்கும் ரங்கூனுக்கும் வந்த சரக்கை அது கட்டுப்படுத்தவில்லை. ஒரே செட்டில் சில தட்டுக்கு மட்டும் முத்திரை குத்தி மற்றதை அப்படியே அனுப்பியதும் உண்டு. பெயர் இருந்தால் அது காலத்துக்கு ஒரு துப்பு. இல்லாததை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வெளிநாட்டு விற்பனை என்ற பேச்சே வேண்டாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டிய இப்படிப்பட்ட பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. தரகர் சொன்ன 300 வருஷம் உண்மையென்றால் அவர் உங்களைக் குற்றத்துக்குக் கூப்பிடுகிறார். சட்டம் போட்டவர்கள், மாவட்டத்துக்கு ஓர் இடத்திலாவது தட்டைக் காட்டிக் காலம் கேட்க வழி செய்திருக்க வேண்டாமா? சிலை என்றால் ஓடி வருகிறார்கள், சமையலறைப் பாண்டத்துக்கு நாதியில்லை. அந்த வெற்றிடத்தில்தான் தரகர் வந்து உட்காருகிறார்.

அப்புறம் ஒன்று. இதில் ஊறுகாயோ புளிக்குழம்போ வைத்துச் சாப்பிடாதீர்கள். பழைய மெருகில் ஈயம் இருக்கலாம், புளிப்பு அதை இளக்கிவிடும். கறை போக ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரும் மெல்லிய துணியும் போதும்.